கழுவிய சோளம்

மக்காச்சோளம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை, பல் இருந்தால் போதும். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் பட்டென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், மூட்டை கட்டக் கூடாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஏட்டு என்னைக் காட்டி, "பண்ணையில பூச்சி மருந்து அடிக்கிற ஆளு" என்று இன்னொரு போலீஸ்காரரிடம் சொன்னார். நான் மருந்து அடிக்கிற ஆள் இல்லை. என் பெயர் துரைக்கண்ணு, ஊர் கணியம்பாடி. ஜவ்வாது மலையில் அமீனுல்லா சாயபுவின் மக்காச்சோளப் பண்ணைக்கு நான் மேனேஜர். அங்கே விளைகிற தானியத்தின் தரத்துக்கு நான்தான் பொறுப்பு.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை என்பதும் இந்த வாக்குமூலத்தில் இருக்கட்டும். அறியாமையால் நேர்ந்த சாவு என்று எழுதி வழக்கை மூடப்போகிறீர்கள் என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நான் குடிப்பதும் இல்லை. மூடப்போகிற வழக்கைத் திறக்க வந்தவன் பைத்தியக்காரன் என்று ஏட்டு நினைக்கிறார், முகத்திலேயே தெரிகிறது. அவர் நினைத்துக்கொள்ளட்டும். எதற்கு வந்தேன் என்பதை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன்.

சாயபு வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். புதூர்நாட்டுக்கு மேலே ஏரிக்கொல்லை என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, அறுபத்திரண்டில் பண்ணை ஆரம்பித்தார். சாமையும் கேழ்வரகும் தவிர வேறு பயிர் தெரியாத மலை அது. நாங்கள் விளைவித்தது சாப்பாட்டுச் சோளமும் இல்லை, விதைச் சோளம். இரண்டு ரகத்தை அடுத்தடுத்த வரிசையில் நட்டு, ஒரு ரகத்தின் உச்சியில் வருகிற ஆண் பூவை அது மகரந்தம் உதிர்ப்பதற்கு முன்பே கையால் பிடுங்கி எறிய வேண்டும். ஒரு செடியைத் தவறவிட்டாலும் கலப்பு கெட்டுவிடும். கீழே சமவெளியில் எவனோ ஒரு விவசாயி கடன் வாங்கி, எங்கள் விதையை நம்பி ஏர் கட்டுவான். அவனை ஏமாற்றக் கூடாது.

என் அப்பா ஒரு வருஷம் சந்தையில் வாங்கிய விதை பாதிக்கு மேல் முளைக்கவில்லை. வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு அவர் வரப்பில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து முளைக்காத விதையை விற்கிறவனை நான் மனிதனாக மதித்ததில்லை. இன்றும் மதிக்கமாட்டேன். துரைக்கண்ணு மூட்டை என்றால் ஆம்பூர் வரைக்கும் அவிழ்த்துப் பார்க்காமல் வாங்குவார்கள். அந்தப் பெயரை எனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, நானாகச் சம்பாதித்தது.

பூப் பிடுங்கும் வேலைக்கு ஏரிக்கொல்லைப் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவள் அம்மாக்கண்ணு. அவள் நடந்துபோன வரிசையை நான் திரும்பப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அப்படி ஒரு வேலைக்காரியை வேறெங்கும் பார்க்கவில்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம்.

விதை மூட்டைக்குப் போகும் முன் அதில் ஒரு தூள் கலப்போம். பாதரசம் சேர்ந்த தூள், பூசணம் அண்டாது. மனிதர்கள் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அதில் சிவப்புச் சாயம் சேர்த்து அனுப்புவார்கள். தகர டப்பாவுக்குள் இங்கிலீஷில் ஒரு காகிதம் இருக்கும். நான் எழுத்து விடாமல் படித்தேன். அந்த விஷம் உடனே ஆளைச் சாய்க்காது, வாரக்கணக்கில் உள்ளே சேர்ந்த பிறகுதான் தன் வேலையைக் காட்டும் என்று அதில் இருந்தது. களத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, இது விஷம், கையைக் கழுவாமல் வெற்றிலைகூடப் போடாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தூள் கலக்க ஆரம்பித்த முதல் வருஷம், பண்ணைக்குக் கீழே போகிற ஓடைக்கரையில் ஒருநாள் ஒரு கூடையைப் பார்த்தேன். அது தண்ணீரில் முழுகிக் கிடக்க, மேலே கல் தூக்கி வைத்திருந்தது. அந்த மலையில் ஒரு காட்டுக்கிழங்கு உண்டு. அப்படியே தின்றால் நாக்கு தடித்து வாந்தி எடுக்கும். அதைச் சீவிக் கூடையில் போட்டு, ஓடுகிற தண்ணீரில் ராப்பகலாக விட்டுவைப்பார்கள். கசப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும், பிறகு வேகவைத்துத் தின்பார்கள். காலம் காலமாக அவர்கள் அப்படித் தின்று யாரும் செத்ததில்லை. ஆனால் அன்று கூடையில் இருந்தது கிழங்கு இல்லை, எங்கள் சிவப்புச் சோளம். சிவப்பெல்லாம் போய் வெளுத்திருந்தது. அம்மாக்கண்ணு பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா அம்மாக்கண்ணு இது?" என்றேன்.

"களத்துல செதறிக் கெடந்தத வாரிக்கினு வந்தோம் சாமி. கெழங்குல இருக்கிற வெஷமே போய்டுது, இது எம்மாத்தரம்?"

"சேப்பு போனா வெஷம் போய்டாது. அது உள்ள எறங்கிக் கெடக்குது."

"நேத்தே கோழிக்குப் போட்டுப் பார்த்தாச்சு சாமி. அதோ மேயுது பாருங்க."

கோழி நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தது. நான் செருப்புக் காலோடு ஓடையில் இறங்கிக் கூடையைக் கவிழ்த்துவிட்டேன். சோளம் தண்ணீரோடு போனது. அம்மாக்கண்ணு கோபப்படவில்லை. "உங்களுக்குக் குடுக்க மனசு வரல. உடுங்க சாமி," என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள். அக்கரையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் உயிரைக் காப்பாற்றியவனுக்குக் கஞ்சன் என்ற பெயர்தான் மிஞ்சியது. எனக்குக் கோபம் வந்தது, அது உண்மை.

சில வாரம் கழித்து அந்தக் கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றியது. பிறகு செத்தது. கோழிக்குச் சீக்கு என்று தூக்கி எறிந்தார்கள். எனக்கு என்னவென்று தெரியும். நான் போய்ச் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிச் சிரிப்பு வாங்கிய விஷயத்தை மறுபடி சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

மறு வருஷம்தான் வானம் ஏமாற்றியது. ஆடியில் பெய்ய வேண்டிய மழை பெய்யாமல் ஏரிக்கொல்லையில் சாமை கருகியது. பிறகு ஐப்பசியில், எங்கள் கதிர் களத்தில் கிடக்கும்போது, கொட்டு கொட்டென்று கொட்டியது. தார்ப்பாய் போட்டு மூடினோம், திறந்தோம், காயவைத்தோம். குவியலில் கைவிட்டு எடுத்துக் கடித்துப் பார்த்தேன், பட்டென்று உடைந்தது. மேலாகத்தான் எடுத்தேன், அடிவரைக்கும் கையை விடவில்லை. மற்ற பண்ணைகளுக்கு முன்னால் என் விதை சந்தையில் நிற்க வேண்டும் என்று அவசரம். முளைப்பு பார்த்த பிறகு தூள் கலப்பதுதான் முறை. நான் தூளைக் கலந்துவிட்டு முளைப்பு பார்த்தேன்.

ஈரச் சாக்கில் விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, முளைக்கும் வரை விட்டுப் பார்ப்போம். அந்த வருஷம் முதலில் தூள் கலந்த மூட்டை அடுக்கு ஒன்று முழுவதிலிருந்தும் எடுத்த விதை, சாக்கைப் பிரித்தபோது, வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தது. குவியலின் அடியில் ஈரத்தோடு வெந்துபோயிருக்கிறது. மறுபடி வைத்துப் பார்த்தேன், மறுபடியும் அதேதான். மற்ற அடுக்குகள் நன்றாக இருந்தன, அவற்றில் இன்னும் தூள் கலக்கவும் இல்லை. கெட்டது அந்த ஒரு அடுக்குதான்.

அதை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். விதையென்று விற்க முடியாது, நான் அப்படிப்பட்டவன் இல்லை. தூள் கலந்ததால் மாட்டுத் தீவனமாகவும் தள்ள முடியாது. குழி தோண்டிப் புதைக்கலாம், டப்பாக் காகிதமும் அதைத்தான் சொல்கிறது. அவ்வளவு மூட்டையைப் புதைத்தால் பண்ணைக் காவல்காரன் வீரனுக்குத் தெரியும், அவன் வழியாகச் சாயபுவுக்குத் தெரியும். சாயபு கோபக்காரர் இல்லை. "எல்லாருக்கும் ஆவறதுதான், உடுப்பா," என்று சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. எல்லாருக்கும் ஆகிறது எனக்கு ஆகக் கூடாது என்றுதானே இத்தனை வருஷம் பல் தேயக் கடித்துப் பார்த்தேன்.

அப்போதுதான் நோன்பு மாதத்தில் சாயபு ஜீப்பில் மேலே வந்தார். ஏரிக்கொல்லைக் குழந்தைகள் காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்ததை வழியில் பார்த்திருக்கிறார்.

"இன்னாப்பா மேனேஜர், பசங்க மூஞ்செல்லாம் வாடிக் கீது," என்றார். "குடோன்ல நல்ல சோளமாப் பார்த்து வூட்டுக்கு வூடு குடுத்துடு. நோம்பு மாசம், அல்லா நமக்குக் குடுப்பான். எவ்ளோ போச்சுன்னு நான் கேக்கமாட்டேன்."

நல்ல சோளமாப் பார்த்து என்றுதான் சொன்னார். அவர்மேல் ஒரு சொல்லும் விழக் கூடாது. தூள் கலக்காத நல்ல சோளம் குடோனில் இருந்தது, நீங்கள் கேட்கும் முன்பே அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது விதை. ஒவ்வொரு மணியும் முளைக்கக்கூடிய விதை. அதை உலையில் போட என்னால் கொடுக்க முடியாது. எவ்வளவு போனது என்று கேட்கமாட்டேன் என்று முதலாளியே சொல்லிவிட்டார். கெட்டுப்போன அடுக்கு குடோனை விட்டுப் போவதற்கு அதைவிட நல்ல வழி வேறு கிடைக்காது.

அந்த அடுக்கு முழுவதையும் நான் ஓடையில் கழுவினேன். அவர்கள் கிழங்கு கழுவுகிற அதே முறைதான். கூடைகளில் போட்டு, கல் தூக்கி வைத்து, ஓடுகிற தண்ணீரில் விட்டேன். வீரன் மூட்டை தூக்கினான். முழங்கால் தண்ணீரில் நின்று கையால் தேய்த்தவன் நான். கீழே தண்ணீர் சிவப்பாகப் போவது நின்று, தெளிவாக ஓடும்வரை எடுக்கவில்லை. பிறகு களத்தில் பரப்பி, உடைந்ததையும் சொத்தையையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, திரும்பத் திரும்பக் கிளறிக் காயவைத்தேன். வாங்கப்போகிறவர்கள் யார் என்று பார்த்து வேலையில் குறை வைக்கிற ஆள் நான் இல்லை.

கொடுத்த அன்று ஊரே களத்துக்கு வந்தது. அம்மாக்கண்ணு முதல் ஆளாக வந்து ஒரு கை அள்ளி வெயிலில் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மணியின் முனையில், கதிரோடு ஒட்டியிருக்கும் இடத்தில், லேசாக ஒரு சிவப்பு இருந்திருக்கும்.

"இது அந்த சேப்பு சோளந்தானே சாமி?" என்றாள்.

"கழுவியாச்சு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "சாமியே நம்ம வழிக்கு வந்துட்டாரு, வாங்கிக்கினு வாங்க," என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அது என்னைக் கேலி செய்த சிரிப்பு இல்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, கழுவித்தான் இருந்தேன். அவள் புருஷன் சின்னதம்பி சாக்கைப் பிடித்தான். அவர்கள் மகள் பாவாடையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள், அவளுக்கு ஒரு கை கூடுதலாகவே போட்டேன். வீரனும் கேட்டான். நீ வாங்காதே என்றால் ஏன் என்று கேட்பான், அதனால் அவனுக்கும் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கஞ்சன் என்ற பேச்சு அன்றோடு நின்றது. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு தை மாதத்தில் நட்ட பயிர் பூ எடுத்தது. பெண்கள் வழக்கம்போல வந்தார்கள். விரல் மரத்துப்போகிறது, உதடு மரத்துப்போகிறது என்று ஒருத்தி சொன்னாள். சின்னதம்பியின் கையிலிருந்து அரிவாள் நழுவி விழுந்தது. காலையிலேயே சாராயமா என்று அவனைக் கேலி செய்தார்கள். அம்மாக்கண்ணு பிடுங்க வேண்டிய வரிசையை விட்டுவிட்டு, பக்கத்து வரிசையில் பூவைப் பிடுங்கிக்கொண்டே போனாள். "ஓரத்துல ஒண்ணும் தெரியல சாமி, நேரா மட்டும் தெரியுது," என்றாள். அவளை அனுப்பிவிட்டு, அந்த வரிசை முழுவதையும் நானே நடந்து சரி செய்தேன். அந்தப் பயிரில் கலப்பு கெடவில்லை. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

அவர்கள் வீட்டுப் பானைகளில் அப்போதும் சோளம் இருந்தது. அதைக் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் போனால் சாக்கு, ஈரம், குவியலின் அடி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். தெய்வக் குற்றம் என்று நினைத்து அவர்கள் ஊர்ச் சாமிக்கு ஆடு வெட்டினார்கள். சாமிக்குப் படைத்த மிச்சத்தோடு அந்தச் சோளத்தையும் வேகவைத்துத் தின்றார்கள். பிள்ளைகள் பேசினால் சொல் குழறியது. பிறகு ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்தார்கள்.

சாயபு கேள்விப்பட்டு ஜீப்பை அனுப்பி, எல்லோரையும் திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நீங்கள் கொடுத்த சோளத்தைக் காட்டுங்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டபோது, நல்ல அடுக்கிலிருந்து ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை என்றார்கள். இருக்காது, அது நல்ல விதை. சின்னதம்பியும் அவன் மகளும் அடுத்தடுத்துப் போனார்கள். வீரன் போனான். மற்றவர்கள் கணக்கு உங்களிடம் இருக்கிறது. கடைசியில் அம்மாக்கண்ணுதான் சிவப்புச் சோளத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். விஷம் கழுவினால் போய்விடும் என்று நினைத்தீர்களா என்று நீங்களே கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்தேன். ஆமாம் என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். முடிந்தால் எனக்கு ஆட்சேபணையும் இல்லை.

ஆனால் உங்கள் ஏட்டு நல்ல மனசோடு எனக்குத் தைரியம் சொல்ல நினைத்து, ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணு கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். நாக்கு புரளாமல், விட்டு விட்டு, ஒருநாள் முழுக்கச் சொன்னாளாம். இப்போது அவளுக்குக் கண்ணும் தெரியவில்லையாம்.

"மேனேஜரு சாமி மேல தப்பு இல்ல. பசிக்கிதேன்னு நல்ல மனசோட குடுத்தாரு. அவரு கீழூர்க்காரரு, பாவம், அவருக்குக் கழுவத் தெரியாது. சரியாக் கழுவாம உட்டுட்டாரு. நாங்க திருப்பி ஒருக்கா கழுவி இருந்தா எம்பொண்ணு பொழைச்சிருக்கும். தப்பு எங்களுதுதான்."

ஏட்டு இதைப் படித்துவிட்டு, நீ தப்பித்தாய் என்பதுபோலச் சிரித்தார். நான் மலைக்குத் திரும்பிப் போய் வேலையைப் பார்க்கத்தான் நினைத்தேன். எங்கே திரும்பினாலும் கழுவத் தெரியாது என்ற அந்த ஒரே வார்த்தைதான் காதில் கேட்டது. அதற்காகத்தான் இறங்கி வந்திருக்கிறேன்.

அவள் சொன்னதை அடித்துவிடுங்கள் ஐயா. இவனுக்கு வேலை தெரியாது என்று சர்க்கார் காகிதத்தில் இருக்க நான் விடமாட்டேன். அவர்கள் திருப்பிக் கழுவியிருந்தாலும், வாரம் முழுக்கத் தண்ணீரில் போட்டிருந்தாலும், அந்த விஷம் போயிருக்காது. கோழி செத்த அன்றைக்கே அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கழுவினேன், தெரிந்துதான் என் கையால் அள்ளிப் போட்டேன். தூக்கில் போடுவதானால் போடுங்கள். ஆனால் கழுவியதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.